என் கால் எலும்பில் இடிக்கும் கோஷ்டி

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதுவது. அங்கே அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகம் உன் அக்கா கையிலும் டாக்டர் கையிலும் இருக்கிறது, அதுதான் கவலையாக இருக்கிறது.

கொத்தனார் மொட்டைமாடிக் கலவையில் சிமெண்டைக் குறைக்கிறாரா என்று பார்க்க ஏணியில் ஏறி, விழுந்து, காலை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். இப்போது மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, நடங்கள் என்கிறார் டாக்டர். அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். எலும்பில் பலவகை செல்கள் வேலை பார்க்கின்றனவாம். ஒரு கோஷ்டி புது எலும்பைக் கட்டுகிறது, சரி. இன்னொரு கோஷ்டி பழைய எலும்பை அமிலம் விட்டுக் கரைத்து இடிக்கிறதாம். ஆயுள் முழுக்கக் கட்டட வேலையை மேற்பார்வை பார்த்த எனக்கே காதில் பூ சுற்றுகிறார். முறிந்த காலில் இடிக்கிறவனுக்கு என்ன வேலை? அவனை உள்ளே விட்டது யார்? எலும்பின் மேல் தட்டையாகப் படுத்துப் போர்த்திக்கொண்டிருக்கும் ஒரு கூட்டமும் உண்டாம், அது ஓய்வில் இருக்கிறதாம். வேலையிடத்தில் படுத்துக் கிடப்பவனை நான் பார்த்ததில்லையா?

பெரிய சந்தேகம் அடுத்த ஆள் மேல்தான். எலும்பு கட்டும் கோஷ்டியில் சிலர், தாங்கள் கட்டிய எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டு, நூல் போன்ற கைகளை நீட்டி, எங்கே பாரம் விழுகிறது என்று கவனித்து மற்றவர்களுக்குச் சேதி சொல்வார்களாம். உடனே உன் அக்கா, "இவரும் அப்படித்தான் டாக்டர். தானே கட்டுன வீட்டுல உக்காந்துக்கிட்டு எல்லாரையும் வேவு பாக்குறாரு" என்றாள். டாக்டர் சிரித்தார். இருவரும் கூட்டு என்று அப்போதே புரிந்துவிட்டது. போதாததற்கு, "நீங்க நடக்கலேன்னா, இங்க பாரமே இல்லைன்னு சேதி போயிடும். இடிக்கிறவங்க கை ஓங்கிடும்" என்று மிரட்டல் வேறு.

நான் அசைந்து கொடுக்கவில்லை. நம்பி நின்று, கால் மடங்கிவிட்டால்? உன்னிடம் சொல்வதற்கென்ன மச்சான், பயமாக இருக்கிறது. கடைசிவரை கட்டிலோடுதானோ என்று தோன்றுகிறது. உடனே வந்து என்னை வேறு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. அதுவரை ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டேன், சத்தியம்.

தங்கையைக் கேட்டதாகச் சொல். குழந்தைகள் நன்றாக இருக்கட்டும், ஏணிப் பக்கம் போக வேண்டாம்.

இப்படிக்கு,
படுத்த படுக்கையாக,
அத்தான்

பி.கு.: கடிதத்தைத் தானே தபாலில் போடுவதாக உன் அக்கா கை நீட்டினாள். பிரித்துப் படிக்காமல் விடுவாளா? அதனால் தெருமுனைத் தபால்பெட்டிக்கு நானே கொண்டுவந்துவிட்டேன். பெட்டிமேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் கொடுத்த ஊன்றுகோலை எங்கே வைத்தேன் என்று தேடினால், வீட்டு வாசலில் உன் அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கிறாள். நீ வர வேண்டாம்.