‘ஆட்சேபணை’ அண்ணன்

மதுரைப் பக்கம் போட்ட எந்த ரோடும் இவரைக் கேட்காமல் நேராகப் போனதில்லை. ஒத்தக்கடையில் பெயின்ட் கடை வைத்திருந்தார். வியாபாரிகள் சங்கச் செயலாளர். சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்கே மறந்திருக்கும். எங்களுக்கு ‘ஆட்சேபணை’ அண்ணன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ரோட்டை அகலப்படுத்தும் வேலைக்கு இளநிலைப் பொறியாளராகப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே வந்துவிட்டார்.

“தம்பி, வாய்க்கா எந்தப் பக்கம் வருது?”

“கிழக்கால, அண்ணே.”

“ஆட்சேபணை.”

“அப்ப மேக்கால மாத்திருவமா?”

“அதுக்கும் இருக்கு. மொத நீங்க மாத்துங்க.”

நாங்கள் சுண்ணாம்புக் கோடு போட்டால், கோட்டின் மேலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார்.

மக்கள் கருத்தைக் கேட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. ஃபேன், நாற்காலி, டீ எல்லாம் சங்கக் கட்டடத்தில்தான் இருந்தன. ஆகவே மக்களும் அங்கேயே இருந்தார்கள்: முன்வரிசையில் கடை முதலாளிகள், பின்வரிசையில் அவர்களுடைய மைத்துனர்கள். ரோட்டோரம் கீரையும் பூவும் விற்கிற பெண்கள் வாசலில் நின்றார்கள்.

சங்கம் எங்கள் அதிகாரியோடு முன்பே பேசி முடித்திருந்தது. கடைப் படிகளை இடிக்க விடுவார்கள். பதிலுக்கு ரோட்டோர வியாபாரம் அடியோடு போக வேண்டும். தீர்மானத்தை வாசித்தவரே நம் அண்ணன்தான். கீரை விற்கிற பேச்சியக்கா, கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு கேட்டபடி நின்றாள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அதிகாரி பூரித்துப்போய், “ஆக, யாருக்கும் ஆட்சேபணை இல்லை” என்றார்.

அண்ணனின் முகம் கோணியது. அப்படி ஒரு வாக்கியத்தை அவர் ஆயுசில் சும்மா விட்டதில்லை. கை தானாக உயர்ந்தது.

“எனக்கு இருக்கு.”

“தீர்மானமே உங்களுதுங்க.”

“இருக்கட்டுமே.” காரணம் தேடி நாலாபக்கமும் பார்த்தார். பார்வை வாசலில் போய் நின்றது. “அந்தா நிக்கிதே பேச்சி, அதுகிட்ட கேட்டீகளா சார்? கேக்காம என்னத்த மக்கள் கருத்து?”

பேச்சியக்கா உள்ளே வந்தாள். பின்னாலேயே பூக்காரிகள் வந்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. கடைசியில் வாய்க்காலுக்கு மூடி போட்டு, அதன் மேல் அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

சங்கம் அண்ணனைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டது. மனசு கேட்காமல் கடைக்குப் போனேன்.

“வாய் தவறி வந்துச்சா, வேணும்னே சொன்னீகளா அண்ணே?”

டப்பா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “கூடைய எறக்கி வைக்கக்கூட எடமில்லாம நின்னுச்சுல்ல தம்பி” என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டம் நடத்திவிட்டேன். எல்லோரும் சம்மதமாகத் தலையாட்டும்போதெல்லாம், பின்னாலிருந்து அவர் எழுந்துவிட மாட்டாரா என்று ஏங்குகிறேன்.