கன்று வளர்ந்தால்தான் கல்யாணம்

வள்ளியூர்,
ஆவணி, 1995

உயர்திரு சம்பந்தி தில்லைநாயகம் அவர்களுக்கு, வாழைக்காய் மண்டி அருணாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சண்முகசுந்தரியும் முருகன் புண்ணியத்தில் சுகம். பாளையங்கோட்டையில் தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தி என்று எழுதிவிட்டேனே தவிர, அப்படி எழுத எனக்கு உரிமை உண்டா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கோபமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்காவது கோபம் குறைந்ததுபோலத் தெரிந்தால் அது காற்றின் குற்றம். ஆடி போன பிறகும் இங்கே காற்று நிற்கவில்லை, காகிதத்தைப் பிடித்துக்கொள்ளவே ஒரு கை வேண்டியிருக்கிறது.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் என் மகன் கார்த்திகேசனுக்கும் தங்கள் மகள் விஜயஸ்ரீக்கும் நிச்சயம் பண்ணினோம். பெண்ணின் ஆராய்ச்சிப் படிப்பு முடிந்ததும் கல்யாணம் என்றீர்கள். நான் வாழைக்காய் வியாபாரி, இந்த வருஷம் கன்று வைத்தால் அடுத்த வருஷம் தார் வெட்டிப் பழகியவன். படிப்பும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டேன். புன்னக்காயலில் ஆறு கடலோடு சேருகிற சேற்றில் அலையாத்திக் கன்றுகளை நட்டு, அவை வளர்வதை அளந்து எழுதுவதுதான் படிப்பு என்றார்கள். எழுதட்டுமே, கன்று வளராமல் எங்கே போகும் என்று இருந்தேன். ஐப்பசியில் தாமிரபரணியில் அந்தப் பெருவெள்ளம் வந்து கன்றெல்லாம் கடலுக்குப் போயின, மறுபடி நட்டதை ஆடு மேய்ந்தது, ஆட்டுக்காக வேலி போட்டால் வேலிக்கு உள்ளேயிருந்தே நண்டு கொழுந்தைக் கிள்ளியது, நண்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்த நேரத்தில் பேராசிரியர் வெளிநாடு போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் தாங்கள் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று கார்டு போட்டீர்கள், நான் கல்யாண மண்டபத்தில் சொல்லிவைத்த தேதியை ரத்துப் பண்ணினேன். இப்போது நான் தெருமுனையில் திரும்பினாலே மண்டப மேனேஜர் உள்ளே போய் விளக்கை அணைத்துவிடுகிறார். நாதஸ்வரக்காரர் என்னைக் கண்டால் கல்யாணம் எப்போது என்று கேட்பதில்லை. “நண்டு சும்மா இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்கிறார்.

அதுவாவது போகட்டும், என் மகன் போனதைச் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. படித்தவன் என்றாலும், தாரைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்லுவான், விலை சொல்லுவான். ஒரு பெண்பிள்ளை தனியாகச் சேற்றில் நிற்கிறாளே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் துணைக்குப் போக ஆரம்பித்தான். இப்போது ஏலம் நடக்கும்போது ஒரு வாழைப்பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். திசையன்விளை வியாபாரி லாரியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்.

“ஏலே, என்னத்தலே பாக்குத?” என்றேன்.

“பைய விரியுதுப்பா” என்றான்.

லாரி போய்விட்டது.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை, முடிவாகப் பேசிவிடுவது என்று நானே சலவை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். “கண்டிப்பாப் பேசணும், அந்தப் பிள்ள மொகத்தப் பாத்துச் சிரிச்சிரக் கூடாது” என்று சண்முகசுந்தரி சொல்லி அனுப்பினாள். புன்னக்காயலில் தானியேல் என்பவரின் வள்ளத்தில் ஏறிப் போனேன். ஓடைக்குள் திரும்பியதும் பார்த்தால், தங்கள் மகள் முழங்கால் சேற்றில் நின்று அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறாள், மறுமுனை என் மகன் கையில். “மாமா, பைய எறங்குங்க! அங்கன கால வைக்காதீங்க!” என்று சத்தம் போட்டாள். வைத்துவிட்டேன். தொடைவரை உள்ளே போய்விட்டது. மூன்று பேருமாகச் சேர்ந்து என்னைத்தான் இழுக்க முடிந்தது, செருப்பை இழுக்க முடியவில்லை. அதற்குள் தண்ணீர் வற்றி வள்ளமும் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. “இனி ஓதம் ஏறித் தண்ணி வந்தாத்தான் வள்ளம் நவுளும் அண்ணாச்சி” என்று சொல்லித் தானியேல் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

சரி, பேச இதுதான் நேரம் என்று ஆரம்பித்தேன்.

“இந்த மரம் வளந்தா காய் திங்கலாமா தாயி?”

“திங்க முடியாது மாமா.”

“வெட்டி விக்கலாமா?”

“வெட்டவே கூடாது மாமா.”

“அப்பம் இதனால யாருக்குத்தான் லாபம்?”

உடனே பதில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சேற்றுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தாள். “தெரியல மாமா. வேரு புடிச்ச எடத்துல மண்ணு நிக்குது. நின்ன எடத்துல மீன்குஞ்சு வந்து ஒதுங்குது. அதுக்கு மேல என்னன்னு எனக்குப் பிறகு வாற யாராச்சும் பாப்பாக” என்றாள். ‘அந்த யாரோ பார்ப்பதற்கு என் மகன் ஏன் பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும்?’ என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. சேறு வெயிலில் வெள்ளித்தட்டுப்போல மின்னியது. தலைக்கு மேல் கண் வைத்த சின்ன மீன்கள் தண்ணீரை மறந்துவிட்டுச் சேற்றின்மேல் துள்ளித் துள்ளிப் போயின. சேறு எங்கேயோ ‘ப்ளக்’ என்று கொப்புளித்தது. எனக்கு எப்போது கண் சொருகியது என்று தெரியவில்லை. கனவில் நம் கல்யாண மண்டபம், தரையெல்லாம் அதே பளபளப்பான சேறு. பந்தியில் எல்லோரும் முழங்கால் புதைய உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் அவசரமில்லை. வாசல் வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வருகிறது, இலைகள் மிதக்கின்றன, பாயசம் மிதக்கிறது, தாங்களும் ஒரு நாற்காலியோடு மிதந்து வந்து “கொஞ்சம் பொறுங்கள்” என்று என்னைக் கடந்து போகிறீர்கள். எனக்குக் கோபமே வரவில்லை. “ஆகட்டும், ஆகட்டும்” என்று கை காட்டுகிறேன்.

விழித்தபோது வள்ளம் மிதந்துகொண்டிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் தூரத்தில் நாடாவின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவள் அசைந்தால் இவனும் அசைகிறான், நாடா தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. எதற்காகவோ காத்திருக்கிறவர்கள்போல எனக்குத் தெரியவில்லை சம்பந்தி. மண்டபமும் மேளமும் வைத்துக் காத்திருந்தது நாம் மட்டும்தானோ என்று தோன்றியது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச வந்ததைப் பேசவே இல்லை என்பது ஏரலில் பஸ் மாறும்போதுதான் நினைவு வந்தது. வீட்டுக்கு வந்ததும் “பேசினீங்களா?” என்றாள் சண்முகசுந்தரி. “ஓதம் ஏறிட்டு” என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் வருகிறது. ஆகவே கண்டிப்பாக எழுதுகிறேன். கன்று வளரட்டும், வளராமல் போகட்டும். வருகிற தையில் கல்யாணம் என்று இந்தக் கடிதம் கண்டதும் பதில் எழுத வேண்டியது. இல்லையென்றால் நாங்கள் வேறு இடம் பார்க்கும்படி ஆகிவிடும், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. பெண்ணுக்கு எங்கள் ஆசீர்வாதம், சேற்றில் நிற்கும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
அருணாசலம்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது கார்த்திகேசன் வந்தான். ஊர் திரும்பிய பேராசிரியர் விஜயஸ்ரீயின் ஆய்வைப் படித்துப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டாராம். சந்தோஷம் என்றேன். இவனையும் ஆராய்ச்சிக்குச் சேரச் சொன்னாராம். இவன் சரி என்றுவிட்டானாம். இனி இவன் படிப்பு முடிந்த பிறகுதான் கல்யாணமாம்! தங்களுக்கு ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய், தங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்த விஜயஸ்ரீயிடமே கூசிக் கூசிச் சொன்னேன். “அவுக படிக்கட்டும் மாமா, அதுக்காகக் கல்யாணத்த நிறுத்துவாகளா? எனக்கு அவ்வளவு பொறுமை கெடையாது. தையிலயே வச்சிருங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். தை என்றால் நடுவில் எத்தனை மாதம் இருக்கிறது? சமையல்காரருக்குச் சொல்லவில்லை, பத்திரிகை அடிக்கவில்லை, சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை. சண்முகசுந்தரி பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தவில்லை. இப்படித் திடுதிப்பென்று அவசரப்படுத்தினால் பிள்ளை வீட்டார் நாங்கள் என்னதான் செய்வோம், நீங்களே சொல்லுங்கள்!