மாமாவின் முட்டைக்கோஸும் என் எதிராளியும்

படிக்காமல் கெட்டவர்களை ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. நான் படித்துக் கெட்டவன். எதையாவது அரைப்பக்கம் படித்துவிட்டால் உடனே அதைச் செய்து பார்த்து, யாரோ ஒருவருடைய பல வார உழைப்பை ஒழித்துக்கட்டிய பிறகுதான் ஓய்வேன். இப்போது படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றதற்குத் தெம்பில்லை.

அறுபதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், தாம்பரத்தில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தோம். மாமா கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையராகி வந்தவர். மலையிலிருந்து அவர் இறங்கினாரே தவிர, அவர் கழுத்திலிருந்து மப்ளர் இறங்கவில்லை. சித்திரை வெயிலிலும் அதைச் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போவார்.

மலையில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. அறுப்பின் பண்டிகை என்னும் அறுவடைத் திருநாளில் சர்ச் சபையார் தங்கள் தோட்டத்தில் விளைந்ததைக் கோயிலில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விட்டு நிதியில் சேர்ப்பார்கள். அங்கே முதல் ஏலம் எப்போதும் மாமாவின் முட்டைக்கோஸ். தாம்பரம் வந்த வருஷம் எல்லாரும் வாழைத்தாரும் கோழியுமாக வந்தபோது, மாமா ஒரு பிஸ்கட் டின்னோடு போய் நின்றார். சபைச் செயலாளர் சாமுவேல் சார் பள்ளிக்கூட வாத்தியார். மைக் இல்லாமலே பேசக்கூடியவர். "என்ன சார், உங்க தோட்டத்துல பிஸ்கட் காய்க்குதா?" என்று கேட்டுவிட்டார். கோயிலே சிரித்தது. "அடுத்த வருஷம் கோஸ் கொண்டு வர்றேன்" என்றார் மாமா. "இந்த மண்ணுலயா? முருங்கைக்காய் கொண்டு வாங்க சார்!"

அன்றிலிருந்து மாமாவுக்கு வேறு சிந்தனை இல்லை.

"மலையில வெயில் கொஞ்ச நாள்தான் மாப்பிள்ளை. பனி வந்து கருக்குறதுக்குள்ள கோஸைத் தேத்திடணும். இங்க குளிர் கொஞ்ச நாள். வெயில் வந்து கருக்குறதுக்குள்ள தேத்திடணும். கணக்கு ஒண்ணுதான், தலைகீழா போடணும், அவ்வளவுதான்."

போட்டார். புரட்டாசியில் நாற்று விட்டு, ஐப்பசி மழை விட்டதும் கொல்லையில் பாத்தி கட்டி நட்டார். புழுவுக்கும் பக்கத்து வீட்டு ஆட்டுக்கும் போக ஆறு செடி தேறியது. ஓரத்தில் கொத்தமல்லி, புதினா, அப்புறம் மலையில் துரை பங்களாக்களில் வளர்ப்பார்களாமே, பார்ஸ்லி, அது ஒரு வரிசை. (என் மனைவி கிரேஸ் அதைக் கொத்தமல்லி என்று நினைத்து ரசத்தில் கிள்ளிப் போட்டாள். அன்று ரசம் இங்கிலீஷ் பேசியது.) மார்கழியில் கோஸ்கள் உருண்டன. மாமா காலையில் ஒவ்வொன்றையும் குழந்தையின் தலையைத் தடவுவதுபோல் தடவிவிட்டுத்தான் காபி குடிப்பார்.

பொங்கல் கழிந்ததும் தாம்பரம் தன் சுபாவத்தைக் காட்டியது. வெயில் ஏறியது, இலைகள் தளர்ந்தன. பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம். அந்தச் சமயம் பார்த்துக் கோத்தகிரியில் மாமாவின் பழைய சினேகிதர் ஒருவர் காலமாகிவிட்டார்.

"காலையில தண்ணி. வெயில் வந்தா தட்டியைச் சாய்ச்சு வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு மாமா ரயிலேறினார்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு அப்போது வராது. நூலகத்துக்குப் போய் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினேன். வட தேசங்களில் கோடை சீக்கிரம் முடிந்துவிடுவதால், செடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கி வளர்க்கிறார்கள் என்று போட்டிருந்தது. யோசித்தேன். (இந்த வார்த்தையை நான் எழுதினாலே கிரேஸ் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.) குளிர் நாட்டுக்காரன் சூட்டை உண்டாக்குகிறான் என்றால், சூட்டு நாட்டுக்காரன் குளிரை உண்டாக்க வேண்டியதுதானே?

சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனேன். கோவளத்திலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவரும் ஒரு அம்மா கூடையைக் கழுவத் தயாராக இருந்தார்.

"ஐஸ் கொஞ்சம் கிடைக்குமா?"

"மீன் வோணாமா? ஐஸ் மட்டும் வோணுமா? வூட்ல யாருக்கு சார் ஜுரம்?"

"ஜுரமில்லம்மா. செடிக்கு."

"இன்னாத்துக்கு?"

"முட்டைக்கோஸுக்கு. வெயில் தாங்கல."

அந்த அம்மா பக்கத்துக் கூடைக்காரியைக் கூப்பிட்டார். "யக்கா, இங்க வந்து கேளேன்! சார் வூட்டு கோஸுக்கு வேர்த்துக் கொட்டுதாம்! ஒரு விசிறி வாங்கிக் குடு!" சிரித்து முடித்து, மிச்ச ஐஸ் முழுவதையும் என் கோணிப்பையில் கவிழ்த்தார். "எட்த்துகினு போ சார். எனக்குக் கொட்ற வேல மிச்சம்."

வீட்டில் கிரேஸ் மூக்கைச் சுளித்தாள். "என்னங்க இது, மீன் நாத்தம்?"

"குளிர்ச்சின்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஆறு செடிக்கும் கழுத்துவரை ஐஸ் அணைத்துவிட்டு, ஒரு விஞ்ஞானியின் நிம்மதியோடு தூங்கினேன்.

விடிந்தது. ஐஸ் கரைந்து மண்ணுக்குள் போயிருந்தது; அதிலிருந்த செதிளும் குடலும் கூடவே போயிருந்தன. அவற்றைத் தேடித் தாம்பரத்துப் பூனைகள் அத்தனையும் வந்திருந்தன. பாத்தி முழுக்கக் குழி. ஐந்து கோஸ்கள் வேரை வானத்துக்குக் காட்டிக் கிடந்தன. பார்ஸ்லியை மெத்தையாக்கி ஒரு தடித்த கடுவன் படுத்திருந்தது. விரட்டினேன், அது என்னைச் சமையல்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஒரே ஒரு கோஸ் மட்டும் நின்றது. குனிந்து முகர்ந்தேன். சங்கரா மீன்.

மறுநாள் மாமா வந்தார். கொல்லைக்குப் போனார். பாத்தியைப் பார்த்தார். பிறகு மெதுவாக மப்ளரை அவிழ்த்து மடித்து வைத்தார்.

"அப்பா மப்ளரைக் கழட்டி நான் பார்த்ததே இல்லீங்க" என்று கிரேஸ் கிசுகிசுத்தாள். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் மாமா சொன்னார்: "இருக்கிறதைக் கொண்டு போவோம். கர்த்தர் மனசைத்தான் பார்ப்பார். மோந்து பார்க்க மாட்டார்."

கர்த்தர் பார்க்கவில்லை, சாமுவேல் சார் பார்த்தார். கோஸை இரண்டு கையாலும் உயர்த்தி, "நம்ம மண்ணுல விளைஞ்ச முதல்..." என்று ஆரம்பித்தவர், அதை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். "முதல் கோஸ். கேளுங்க!"

யாரும் கேட்கவில்லை. மேஜைக்கடியில் எங்கிருந்தோ ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. மாமா முன் வரிசையில், வெறுங்கழுத்தோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழுத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஒரு ரூபாய்!" என்றேன்.

"ஒரு ரூபாய், ஒரு தரம்..." வேறு யாரும் ஏற்றிக் கேட்கவில்லை. வாழைத்தாரே அன்று ஒன்பது ரூபாய்க்குப் போயிருந்தது. மாமாவின் ஒரு வருஷத்துக்கு ஒரு ரூபாயா?

"ரெண்டு ரூபாய்!"

"யாரது?"

"நான்தான் சார்."

"முன்னாடி கேட்டது?"

"அதுவும் நான்தான்."

கோயில் குலுங்கியது. எனக்கோ நிறுத்தத் தெரியவில்லை. மூன்று என்றேன். ஐந்து என்றேன். ஒவ்வொரு தடவையும் என்னை நானே விட்டுக்கொடுக்காமல் முந்தினேன். பத்தைத் தாண்டிப் பதினொன்று என்றபோது மாமா திரும்பினார்.

"போதும் மாப்பிள்ளை, விட்டுடுங்க. எதிராளி ரொம்பப் பிடிவாதக்காரரா இருக்கார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னிடம் பதினொரு ரூபாய் இல்லை. கிரேஸ் கைப்பையைத் திறந்தாள். (அதற்குப் பிறகு அவள் அதை என் கைக்கெட்டும் இடத்தில் வைத்ததில்லை.) கோஸைப் பொரியல் செய்தோம். மாமா மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது மாமாவுக்குக் காது மந்தம். மப்ளர் பழையபடி ஏறிவிட்டது. பண்டிகை ஏலத்தில் எவரும் சீந்தாத பொருள் மேஜைக்கு வந்தால், சாமுவேல் சார் கூட்டத்துக்கு மேலே என்னைத் தேடுகிறார். "சார், எதிராளி வந்திருக்காரா?" என்கிறார். போன மாதம் வந்தது, தானே சரிந்துபோயிருந்த ஒரு கேக். நான் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் பாசாங்கு செய்தேன். முன் வரிசையிலிருந்து, திரும்பாமலே, காது மந்தமானவர் பேசும் உரத்த குரலில் மாமா சொன்னார்:

"ரெண்டு பேருமே வந்திருக்காங்க. ஆரம்பிங்க."

ஆரம்பித்தேன். வேறென்ன செய்ய? இந்தத் தடவை அவனை ஆறு ரூபாயில் மடக்கினேன்.