நூற்று நாற்பதுக்குள்ளே

"நூத்தி அறுபத்தெட்டுக்கு நூறு," என்றாள் நர்ஸ், கைப்பட்டையை அவிழ்த்தபடி. "இவ்வளவு பிரஷர் இருந்தா ரத்தம் எடுக்க மாட்டோம் சார். மேல் எண் நூத்தி நாப்பதுக்குள்ள வரணும்."

பம்புக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபத்து மூன்று வருடமாகத் தீயணைப்பு வண்டியில் பம்பைப் பார்த்துக்கொள்பவர். எரிகிற கிடங்கின் முன்னால்கூடக் கை நடுங்காத ஆள் என்று பெயர்.

"மிஷின் சரியா இருக்காம்மா?"

"காலையிலேர்ந்து பதினேழு பேருக்குப் பார்த்தாச்சு. மிஷினுக்கு ஒண்ணுமில்லை."

தம்பிக்கு மறுநாள் ஆபரேஷன். நேற்று தம்பி மனைவி போன் செய்து, "மாமா, அவருக்கு ரத்தம் வேணும். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்," என்று மட்டும் சொன்னாள். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்து ஒன்பது வருடம். அம்மா போன அன்று இவர் ஒரு தீ விபத்தில் வேலையாக இருந்தார். வீடு வந்து சேர்வதற்குள் தம்பி அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துவிட்டான். அதோடு சரி.

"தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க," என்றாள் நர்ஸ்.

ஒரு டம்ளர் என்று அவள் நினைத்தாள். அவர் இரண்டு பாட்டிலைக் காலி செய்துவிட்டு, காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நூத்தி எழுபத்தாறு! ஒண்ணுக்கு அடக்கி வச்சிருக்கீங்களா?"

அவர் எழுந்து ஓடினார். கீழ்த்தளக் கழிப்பறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக் கழிப்பறை வரை ஏறி, அதே வேகத்தில் இறங்கி, மூச்சிரைக்க வந்து கையை நீட்டினார்.

நூற்று எண்பத்தெட்டு.

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "இதயம் அழுத்தித் தள்ளுறப்ப குழாய்ச் சுவர்ல விழுற அழுத்தம் மேல் எண். அது ஓய்வா இருக்கிறப்ப மிச்சமிருக்கிறது கீழ் எண். ஓடினா இதயம் வேகமாத் தள்ளும். பயம், கோபம் வந்தா குழாயும் சுருங்கும்."

"சுருங்கினா மீட்டர் முள்ளு ஏறும். எங்க பம்புலயும் அப்படித்தான்," என்றார் அவர். "ஆனா எனக்கென்னம்மா பயம்?"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் தம்பி. பாதியாக இளைத்திருந்தான். தம்பி மனைவி நாற்காலியை அண்ணன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

அண்ணன் சுவரைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"பத்து நிமிஷம் கழிச்சுக் கடைசியா ஒரு தடவை பார்ப்பேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேசக் கூடாது. பேசினா ஏறும்," என்றாள் நர்ஸ்.

"நாங்க பேசி ஒன்பது வருஷம் ஆச்சும்மா," என்றார் பம்புக்காரர்.

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. வலியில் முகம் கோணியதைப் பார்த்து அண்ணன் பதறி எழப்போக, "உட்காருங்க!" என்று அதட்டினாள் நர்ஸ்.

உட்கார்ந்தார். கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பி மெதுவாக அதை எடுத்துத் தன் மடியில் இருந்த தலையணைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. அண்ணனும் இழுத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிடம் அப்படியே போயிற்று.

"நூத்தி முப்பத்தாறுக்கு எண்பத்தி நாலு!" என்றாள் நர்ஸ்.

ஊசி ஏறியது. பை நிறையத் தொடங்கியதும் தம்பி வாயைத் திறந்தான். "அன்னிக்கு நீ வர்ற வரைக்கும் அம்மாவை வச்சிருந்திருக்கணும்ணா."

"பேசாதடா. உனக்கு ஏறிடப் போகுது," என்றார் அண்ணன்.

தம்பியை வார்டுக்குக் கூட்டிப் போன பிறகு, பைகளை எடுத்துப் போகும் லேப்காரர் வந்தார். பம்புக்காரர் படுத்தபடியே பெருமையாகச் சொன்னார். "தம்பி பேரைப் பெருசா எழுதிடுங்க. மாறிடக் கூடாது."

லேப்காரர் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"கூடப் பிறந்தவங்க ரத்தம் சில சமயம் உடம்புக்கு ஆபத்தாயிடும்னு நாங்க ஏத்துறதில்லையே சார், இது வேற யாருக்காவதுதான் போகும். முந்தாநாளே உங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன், 'பரவாயில்லை, வேற எதுக்குக் கூப்பிட்டாலும் எங்க அண்ணன் வர மாட்டான்'னுட்டார்."