கோல் அடிச்ச கால்

கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டு இருங்கோ. உரத்துச் சொல்லக்கூடிய கதை இல்லை இது. சச்சிதானந்தன் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். பழுதானது கால்தான், காது நல்ல காது.

இந்தக் கிரெய்கிபர்னில் சச்சியைத் தெரியாத யாழ்ப்பாணத்து ஆள் இல்லை. அவரைத் தெரிஞ்ச எல்லாருக்கும் அவருடைய இடக்காலையும் தெரியும். ஊரில் நாங்கள் பள்ளிக்கூடத்தைத்தான் கொலிஜ் என்று சொல்லுவோம். அந்தக் கொலிஜின் உதைபந்து ரீமில் லெப்ட் விங்கில் ஓடினவர் சச்சி. ஒரு பைனலில், கடைசி நிமிசத்தில், அவர் அடிச்ச கோலால்தான் கப் வந்தது. கோலை அடிச்சது ஒருக்கால். சொன்னது எத்தனை தரம் என்று பெண்சாதி கமலினியைத்தான் கேட்கவேணும். அவ கலியாணம் முடிச்ச நாள் தொட்டுக் கேட்கிறா.

இப்ப அந்த இடக்காலின் பெருவிரல் கறுத்துப் போச்சு. சுகர். முதலில் ஒரு கொப்புளம். சப்பாத்துக் கடிச்சது என்றார் சச்சி. பிறகு மணக்கத் தொடங்கியது. குசினிக்குள் எங்கேயோ எலி செத்துக் கிடக்குது என்று கமலினி அலுமாரி எல்லாம் இழுத்துத் தேடினா. எலி இல்லை. புருசன்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டொக்டர் பொம்பிளை சிரிக்காமல் சொன்னா. இப்ப எடுத்தால் விரலோடு போகும். பிந்தினால் பாதம். அதுக்கும் பிந்தினால் என்று தொடங்கி, கமலினியின் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டா.

சச்சி நொண்டிக்கொண்டே வெளியில் வந்து காரில் ஏறிவிட்டார்.

“கையெழுத்து வைக்கமாட்டன். இது என்ர கால் இல்லைக் கமலி. கொலிஜின்ர கால்.”

“அப்ப கொலிஜை வரச்சொல்லுங்கோ, வந்து புண்ணைக் கழுவட்டும்.”

“நீர் சும்மா இரும். சரித்திரத்தில ஒருத்தரும் கை வைக்கேலாது.”

“கை வைக்கக் கேக்கேல்லை. கத்தி வைக்கத்தான் கேக்கினம். இஞ்சருங்கோ, காலைக் குடுத்தா முக்கால் ஆளாவது மிஞ்சும். குடுக்காட்டி எனக்கு அரைக்காலும் மிஞ்சாது.”

சச்சி ரேடியோவைப் போட்டார்.

அவ பயந்ததிலும் பிழை இல்லை. அதே ரீமின் கப்டன் இராமகிருஷ்ணன் சிட்னியில், மெரிலேண்ட்ஸில் இருந்தவர். அதே சுகர் வருத்தம், அதே மறுப்பு. போன மாசம்தான் எல்லாருமாகப் பிளேன் ஏறிச் செத்தவீட்டுக்குப் போய் வந்தவை. இரண்டு காலும் முழுசாய்த்தான் எரிஞ்சுது.

இதில் இன்னொரு கூத்து. எங்கட பழைய மாணவர்கள் சனிக்கிழமைகளில் பாலகிருஷ்ணன் வீட்டுக் கராஜுக்குள் கூடுவினம். பேச்சு ஒன்றுதான்: கொலிஜ் சரித்திரத்திலேயே திறமான ஆட்டக்காரன் ஆர்? இந்த வருசம் டின்னரில் அந்தப் பேரை மேடையில் அறிவிக்கிறதென்று முடிவெடுத்து, வாக்குவாதத்தில் கராஜ் பத்தி எரிஞ்சுகொண்டிருந்தது. இராமகிருஷ்ணன் உயிரோடு இருக்கேக்க நாலாம் இடம். செத்த கிழமையே இரண்டாம் இடத்துக்கு வந்திட்டார்.

“பாத்தீரோ, நான் போனா முதலாம் இடம்” என்று சச்சி வீட்டில் வந்து பகிடி விட்டார்.

கமலினி சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலமை, புண்ணுக்கு மருந்து கட்டேக்க, கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறி நிற்கிறதைக் கண்டா. கட்டி முடிச்சு, கை கழுவி, ரோல்ஸ் பொரிச்சா.

“வெளிக்கிடுங்கோ. கராஜுக்கு நானும் வாறன்.”

சச்சிக்கு நம்பவே முடியவில்லை. அந்தக் கராஜ் வாசலை மிதியாத மனுசி! கடைசியில் இவவுக்கும் என்ர அருமை விளங்கிப்போச்சு என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். காய்ச்சலும் இருந்தது, அதனாலும் குளிர்ந்திருக்கும்.

கராஜில் ரோல்ஸ் தட்டோடு கமலினியும் ஒரு கதிரையில் இருந்தா. கோல் கீப்பராய் நின்ற பாலகிருஷ்ணன்தான் கூட்டத்துக்குத் தலைவர். எதிர்ப்பக்கம் அருந்தவன். சச்சிக்குப் பிந்தின காலத்துப் பெடியன், றைட் விங். பெடியன் என்றாலும் பேரப்பிள்ளை கண்டிட்டான். கடைசியில் போட்டி சச்சிக்கும் அருந்தவனுக்கும் இடையில்தான்.

“எனக்கு ஒண்டு விளங்கேல்லை, பாலாண்ணை” என்று கமலினி மெல்லக் கேட்டா. “திறமான ஆட்டக்காரன் எண்டா ரெண்டு காலும் வேலை செய்யவேணுமோ, ஒண்டு காணுமோ?”

“ரெண்டும் வேணும் அக்கா!” என்றான் அருந்தவன். “நான் ரெண்டாலயும் அடிச்சனான்.”

“அப்ப தம்பிக்குத்தான் குடுக்கவேணும். இவருக்கு வலக்கால் பஸ் ஏற மட்டுந்தான்.”

கராஜ் அதிர்ந்தது. பாலகிருஷ்ணனுக்கு ரோல்ஸ் புரைக்கேறிப் போச்சு. சச்சியின் முகம் புண்ணைவிடக் கறுத்தது.

“ஆர் சொன்னது? கமலி, உமக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்?”

“நீங்கள்தானே எப்பவும் இடக்கால், இடக்கால் எண்டு சொல்லுறனீங்கள்.”

“அது... பொதுவாச் சொன்னது. பைனல் கோலே வலக்காலாலதான் அடிச்சனான்!”

சொல்லிவிட்டார்.

“டேய் சச்சி, மெய்யாவோ?” என்றார் பாலகிருஷ்ணன். “நான் மற்றப் பக்கக் கோலில நிண்டு ஒண்டும் வடிவாக் காணேல்லையடா.”

கண்டிருக்கக்கூடிய ஆட்களில் பாதிப்பேர் ஊரில் யுத்தத்தோடு போச்சினம், மீதி சுகரோடு. சச்சி தைரியமாய் நெஞ்சை நிமிர்த்தினார்.

“மெய்தான். வலக்கால். இடக்காலை ஊண்டி வலக்காலால ஒரே அடி!”

“பிறகென்ன, ரெண்டு கால்காரன்! சச்சிக்குத்தான் பட்டம்” என்று பாலகிருஷ்ணன் மேசையில் தட்டினார்.

அருந்தவன் போனை எடுத்தான். “குறூப்பில போடட்டே சச்சியண்ணை? வலக்கால் எண்டு?”

“போடு.”

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் போனில் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. இங்கே ஒரு பெருவிரல் அழுகிக்கொண்டிருந்தது.

“அப்ப கொலிஜின்ர கால் வலக்கால்” என்றா கமலினி.

“ஓம்!” என்று கராஜே சொன்னது.

“இடக்கால்?”

“அது சும்மா கால்” என்றார் பாலகிருஷ்ணன்.

“நல்லது. காலமை போன் எடுத்துக் கேட்டனான், ஆஸ்பத்திரிக்காரர் இண்டைக்கே வரட்டாம். சும்மா காலிலதானே வெட்டப் போகினம். என்னங்கோ?”

சச்சி வாயைத் திறந்தார். இல்லை, இடக்கால்தான் என்று சொன்னால் பட்டம் அருந்தவனுக்கு. ஓம் என்றால் விரல் போகும். அருந்தவன் போனைப் பிடிச்சபடி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சச்சி வாயை மூடிக்கொண்டு தோளை நீட்டினார். பாலகிருஷ்ணனும் அருந்தவனும் பிடிச்சுக் காரில் ஏற்றிவிட்டினம்.

ஒரு விரல் என்று உள்ளே போனது, மூன்றாய் முடிஞ்சுது. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, அல்லது ஆளே இல்லை என்று அந்த டொக்டர் பொம்பிளை கமலினியைத் தனியக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னா. கமலினி யன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைச்சுப்போட்டு வந்தா.

கட்டிலில் சச்சி கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“கமலி, உமக்கு மட்டும் ஒரு உண்மை சொல்லுறன். அந்தக் கோல் இடக்காலாலதான் அடிச்சனான். உம்மட வாயால மாட்டுப்பட்டுப் பொய் சொல்லிப்போட்டன். கோல் அடிச்ச விரல் வாளிக்குள்ள போயிட்டுது.”

“இடக்காலாலயும் இல்லை” என்றா கமலினி.

“என்ன?”

“நாங்கள் கொன்வென்ற் பிள்ளையள் கோலுக்குப் பின்னாலதானே நிண்டனாங்கள். கோர்னரிலயிருந்து பந்து வேகமா வந்தது. நீங்கள் பயத்தில குனிஞ்சு, திரும்பி ஓட வெளிக்கிட்டனீங்கள். பந்து முதுகில பட்டுக் கோலுக்குள்ள போச்சு.”

சச்சிக்கு வெட்டின இடம் வலிக்கவில்லை. வேறெங்கேயோ வலித்தது.

“தெரிஞ்சுமோ... இவ்வளவு காலமும்...”

“கலியாணம் பேசேக்க அப்பா கேட்டவர், பெடியன் என்ன மாதிரி எண்டு. அடக்கமான பெடியன், கோல் அடிச்சிட்டுத் திரும்பியும் பாக்கேல்லை எண்டு சொன்னனான்.”

கமலினி தலையணையைத் தட்டி, அவரை மெல்ல நிமிர்த்தி, முதுகுக்குப் பின்னால் செருகிவிட்டா.

“சாய்ஞ்சு இருங்கோ. கோல் அடிச்ச இடமெல்லே, நோகப்போகுது.”