மேல்தாள் கடலூருக்கு, கீழ்த்தாள் சிதம்பரத்துக்கு

காதலிக்கிறவனிடம் எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம். காதலிக்கிற பெண்ணின் படத்தை வரையும் வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. 2008இல் கடலூரில் ஓர் அச்சகத்தில் டிசைனராக இருந்த எனக்கு அதைத்தான் கொடுத்தார்கள்.

சிதம்பரத்தில் ஒரு பாட்டு நாடகம். கதாநாயகி எங்கள் ஊர் ஜெசிந்தா. ஒத்திகையில் அவள் பாடியதை ஒரே ஒரு முறை கேட்டிருந்தேன். (பேசியதில்லை. அந்தத் தைரியம் இருந்தால் எதற்குப் போஸ்டர்?) மூன்று நாள் வரைந்தேன். காதுத் தோட்டுக்கு மட்டும் ஒரு மத்தியானம் ஆனது. பெரிய போஸ்டர் என்பதால் இரண்டு தாள். மேல்தாளில் அவள் முகம். கீழ்த்தாளில் நாடகத்தின் பெயர், இடம், நாள், ஓரத்தில் ‘ஓவியம்’ என்று போட்டு என் பெயர். அதை அவள் படித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று மனப்பால் குடித்தேன்.

அச்சாகி வந்த இரண்டு கட்டுகளையும் பிரித்து, மேலும் கீழுமாக ஜோடி சேர்த்து, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பாதிப் பாதியாக அனுப்ப வேண்டும். நானோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முகங்களைக் கடலூரில் ஒட்டக் கொடுத்து, எழுத்துகளைச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

விடிந்தால் கடலூர் மஞ்சக்குப்பம் முழுக்க ஜெசிந்தா. ஓர் எழுத்து கிடையாது. ஒட்டியவரிடம் பாய்ந்தேன்.

“மொதல்ல மூஞ்சி மட்டும் போடுறதுதான தம்பி சினிமாக்காரங்க வழக்கம்?” என்றார் அவர்.

பத்து மணிக்கு அவள் அப்பா அச்சகத்துக்குள் நுழைந்தார். பின்னால் ஜெசிந்தா.

“எம் பொண்ணு எந்த வார்டுல நிக்கிறான்னு ஒருத்தன் கேக்குறான். காணாமப் போயிட்டாளான்னு இன்னொருத்தன் போன் பண்றான். எவன்யா வரைஞ்சது?”

‘நான்தான்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “மெட்ராஸ்ல குடுத்து வரைஞ்சதுங்க” என்று வந்தது.

முதலாளி அவரை உள்ளே அழைத்துப் போய் சோடா கொடுத்துச் சமாதானம் செய்தார். ஜெசிந்தா சுவரில் சாய்த்திருந்த மேல்தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவ்ளோ அழகா என்னை யாருமே பாத்ததில்லைங்க. வரைஞ்சாங்களே, அவுங்கள பாத்தா, நான் சொன்னேன்னு சொல்லிடுங்க.”

“சொல்றேங்க” என்றேன். (இந்த வாயை என்ன செய்ய?)

மறு வருஷம் அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அதற்கு முன், மழை வந்து போஸ்டர்கள் உரியும்வரை அந்த முகத்தைக் கடந்துதான் தினமும் வேலைக்குப் போனேன். ஒவ்வொன்றாக உரிந்தபோது எனக்கு அழுகை வந்தது.

என் மனைவிக்கு இந்தக் கதை தெரியும். நான் சும்மா உட்கார்ந்து எதையாவது யோசித்துக்கொண்டிருந்தால், காபியை வைத்துவிட்டுக் கேட்பாள்: “என்னா, அவுங்கள பாத்தீங்களா? சொல்லிட்டீங்களா?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, “இன்னும் கண்ணுல படலயே” என்பேன்.