நாலரை அண்ணையின் கோல்கள்

லண்டனில் என் இரத்த அழுத்தத்தை ஏற்றியவர்கள் பலர். கவுன்சில்காரர் இருக்கிறார்கள், மேல்வீட்டுக்காரன் இருக்கிறான். எல்லோரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றினாலும், நாலரை அண்ணை தனியாளாக மற்றத் தட்டைத் தாழ்த்திவிடுவார்.

கிங்ஸ்பரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அகதியாக மெல்பேர்ன் போய், அங்கே ஆஸ்திரேலியப் பந்தாட்டம் பழகி, கலியாணம் முடித்து லண்டன் வந்தவர். முட்டை மாதிரிப் பந்து. நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. ஹரோவில் ஒரு பூங்காவில் ஞாயிறுதோறும் ஆஸ்திரேலியப் பெடியள் ஆடும் குழுவுக்குள் என்னையும் இழுத்து விட்டவர் அவர்தான். எங்கள் குழு அடித்த கோல்களில் பாதி அவருடைய வலது காலில் பிறந்தவை. தொந்தியைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் எப்படி அவ்வளவு உயரம் எழும்பிப் பந்தைப் பிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் நாலரை மணி ஆனால் மனிதர் மரம். ஞாயிறு நாலரை முதல் ஆறுவரை ராகுகாலம். ஆட்டத்தின் நாலாவதும் கடைசியுமான பகுதி சரியாக அதற்குள் போய் விழும்.

“ஆட்டம் ரெண்டரைக்கே தொடங்கியாச்செல்லோ அண்ணை. ராகுகாலத்திலை புதுசாத் தொடங்கினால்தானே பிழை?”

“ஒவ்வொரு கோலும் ஒரு புதுக் காரியம் தம்பி. பின்னுக்கு நிண்டு மறிக்கிற உனக்கு உது விளங்காது.”

இதைக் கப்டனுக்கு மொழிபெயர்க்கும் பாவம் என் தலையில். அவன் ஒரு வெள்ளைக்காரத் தச்சன். பாம்பு ஒன்று சூரியனை விழுங்குகிறது என்று தொடங்கினேன். அதற்கு ஊசி போட ஏலாதா என்று கேட்டான். மூன்று பகுதியில் முந்தி, நாலாம் பகுதியில் தோற்று வீட்டுக்குப் போவோம். கோப்பை ஒருமுறையும் எங்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்த வருடம் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். பொறுக்கமாட்டாமல் இந்த ராகுகாலத்துக்கு ஒரு வழி சொல்லும்படி கோயில் ஐயருக்குப் போனில் எழுதிக் கேட்டேன். அவர் பதிலைக் கடைசி இடைவேளையில்தான் பார்த்தேன். அண்ணையிடம் சொல்ல முன் விசில் ஊதிவிட்டார்கள்.

கடைசி நிமிடம். ஐந்து புள்ளி பின்னால் நிற்கிறோம், ஒரு கோல் போதும். பந்து நேரே அண்ணையிடம் வந்தது; கை பழக்கத்தில் பிடித்துவிட்டது. கம்பங்களுக்கு நேர் எதிரே நிற்கிறார், அப்படிப் பிடித்தவருக்கு மறிப்பில்லாமல் தனியே உதைக்க அரை நிமிடம் கொடுப்பார்கள். மனிதர் பந்தை அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நான் மைதானத்தின் மற்ற அந்தத்திலிருந்து ஓடினேன்.

“அண்ணை, உங்கடை கலண்டர் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணிச்சது. இஞ்சை கோடையிலை ஞாயிறு ராகுகாலம் ஆறரைக்குப் பிறகுதானாம். ஐயர் சொன்னவர். அடியுங்கோ.”

“ஆறரைக்குப் பிறகோ?”

“ஓம். அடியுங்கோ.”

அவர் அடிக்கவில்லை. முகம் சாம்பல் பூத்தது.

“தம்பி, நாலரையிலை இருந்து ஆறு கழியட்டுமெண்டு காத்திருந்து, ஞாயிறு ஏழு மணிக்கெல்லோ நான் கடை திறந்தனான்.”

“கடையைப் பிறகு பாப்பம் அண்ணை, பந்தை அடியுங்கோ.”

“வீட்டுக்குப் பால் காய்ச்சினதும் ஏழு மணிக்குத்தான்...”

நடுவர் நேரம் முடிந்தது என்றார். எதிர்ப்பக்கத்தான் ஒருவன் வந்து, குழந்தையிடம் கிலுகிலுப்பையை வாங்குவதுபோலப் பந்தை வாங்கிக்கொண்டு போனான். தோற்றோம்.

மாதக்கணக்காக அவரோடு நான் கதைக்கவில்லை. கடையை விற்று மகளோடு இருக்கக் கனடா போனபோது மட்டும் போன் எடுத்தார். பிளேன் ஏறுவதற்கு லண்டன் ராகுகாலம் பார்ப்பதா, டொரொண்டோ ராகுகாலம் பார்ப்பதா என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

போன கோடை நாங்கள் கோப்பையை வென்றோம். புதிதாக வந்த பெடியன் நாலு பகுதியிலும் உதைக்கிறான், நேரம் காலம் பார்ப்பதில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கப்டன் கோப்பையைக் கொண்டுவந்து என் கையில் தந்தபோது எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அந்த மனிசன் பக்கத்தில் இல்லாமல் இந்தத் தகரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?